கட்டிலில் ஒரு ரயில் நிலையம்

"பொழுது எப்படிக்கா போவுது?" என்று யாராவது கேட்டால், "ரயில் விடுறேன்" என்று பதில் சொல்ல எனக்கு இன்றைக்கும் கொஞ்சம் கூச்சம்தான். "ரீல் விடாதீங்க!" என்று சிரிப்பார்கள். ரீல் இல்லை சகோதரிகளே, நிஜமாகவே ரயில்! என்ஜின் உண்டு, மூன்று பெட்டிகள் உண்டு, ஸ்டேஷன் உண்டு, கைகாட்டி மரம் உண்டு. எல்லாம் ஆறடிக்கு மூன்றடிக் கட்டிலுக்குள் அடக்கம். வெளியூரில் வேலையாகிப் போய்விட்ட என் மகனுடைய கட்டில் அது.

இதில் வேடிக்கை என்னவென்றால், அந்த ரயில் வீட்டுக்கு வந்த அன்று அதைத் தெருவில் வீசாத குறையாகச் சண்டை போட்டவள் நான்தான்.

என் கணவர் வங்கியில் வேலை பார்த்து 2017-ல் ஓய்வு பெற்றவர். சின்ன வயதிலிருந்தே ரயில் பைத்தியம். அவருடைய தாத்தா, அதாவது என் மாமியாரின் தகப்பனார், மீட்டர் கேஜ் காலத்து ஸ்டேஷன் மாஸ்டர். அந்த ரத்தம்தானோ என்னவோ! 2018-ல் ஜெர்மனியில் இருக்கும் என் நாத்தனார் மகன் ஊருக்கு வந்தபோது, அவனிடம் சொல்லி ஒரு ரயில் செட் வாங்கிவரச் செய்தார். விலை நம் கணக்கில் 18,000 ரூபாய். அன்றைக்கு அது முக்கால் பவுன். "அறுபது வயசுல பொம்மை ரயிலா? இதை வச்சுக்கிட்டுப் பேரன் பேத்தி கல்யாணத்துக்கா செய்யப் போறீங்க?" என்று நான் ஆடிய ஆட்டத்தில் மனிதர் வாயே திறக்கவில்லை. பெட்டியைப் பீரோ மேல் ஏற்றிவிட்டு, பேப்பரை எடுத்துக்கொண்டு திண்ணைக்குப் போய்விட்டார்.

2019 நவம்பரில் ஒரு விடியற்காலை, நெஞ்சு வலிக்கிறது என்றார். ஆஸ்பத்திரி வாசல் வரைக்கும்கூட அவர் தாங்கவில்லை.

அதற்குப் பிறகு எனக்குத் தூக்கம் போயிற்று. இரவு இரண்டு மணிக்கு எழுந்து உட்கார்ந்தால் எதிரே பீரோ, அதன் மேல் அந்தப் பெட்டி. அந்த முக்கால் பவுன் பேச்சைத்தான் மறுபடி மறுபடி நினைத்துக்கொள்வேன். 2020 பிப்ரவரியில் டாக்டரிடம் போனபோது ரத்த அழுத்தம் 160-க்கு 100. மாத்திரை எழுதிக் கொடுத்துவிட்டு, "கைக்கு ஏதாவது வேலை வச்சுக்குங்கம்மா" என்றார். "டி.வி. பார்க்கறேன் டாக்டர்" என்றேன். "அது கண்ணுக்கு. நான் கேட்டது கைக்கு" என்றார்.

அடுத்த மாதமே ஊரடங்கு. வீட்டில் நானும் மாமியாருமாக இரண்டே பேர். எனக்கு 59, அவருக்கு 82. முப்பத்தேழு வருஷமாக ஒரே அடுப்படி. பெரிய சண்டை என்று சொல்ல முடியாது. கோபம் வந்தால் நான் பாத்திரத்தைச் சற்று அழுத்தி வைப்பேன், அவர் கதவைச் சற்று அழுத்திச் சாத்துவார், அவ்வளவுதான். மகன் போன பிறகு அந்தச் சத்தமும் நின்றுவிட்டது. "சாப்பிட வாங்க அத்தை", "மாத்திரை போட்டாச்சா?", "ஆச்சு". ஒரு நாளைக்கு மூன்று வாக்கியம் பேசியிருந்தால் அதிகம்.

ஒரு மத்தியானம் ஏணி போட்டுப் பெட்டியை இறக்கினேன். ஏன் என்று கேட்டால் எனக்கே தெரியாது. மகனின் கட்டிலில் மெத்தையைச் சுருட்டிவிட்டுப் பலகை மேல் எல்லாவற்றையும் பரப்பினேன். ஜாண் நீளத்துக்குக் கறுப்பு என்ஜின், மூன்று பெட்டிகள், வளைந்ததும் நேரானதுமாகத் தண்டவாளத் துண்டுகள், திருகு குமிழ் வைத்த ஒரு டிரான்ஸ்பார்மர். என்ஜின் சக்கரத்தில் இழை இழையாகப் பஞ்சு சுற்றியிருந்தது. 'புதுச் சாமானில் பஞ்சு எப்படி?' என்று ஒரு கணம் தோன்றியதுதான். ஹேர்பின்னால் எடுத்துப் போட்டுவிட்டு மேலே நடந்தேன்.

துண்டுகளைக் கோத்தால் முட்டை வடிவத்தில் ஒரு பாதை. குமிழைத் திருப்பினேன். கிர்ர்ர் என்று கிளம்பியது பாருங்கள்! சுவரைப் பிடித்துக்கொண்டு மாமியார் வந்து நிலைப்படியில் நின்றார். ஒன்றும் சொல்லவில்லை. இரண்டு சுற்றுப் பார்த்தார். முந்தானையால் மூக்கைத் துடைத்துக்கொண்டு திரும்பிப் போய்விட்டார். 'தொலைந்தது, பிள்ளை போன வீட்டில் மருமகள் பொம்மை வைத்து விளையாடுகிறாள் என்று நினைத்திருப்பார்' என்று எனக்கு வெலவெலத்துவிட்டது. சட்டென்று நிறுத்தி மூடி வைத்தேன்.

மறுநாள் காபியை ஆற்றிக்கொண்டே அவராகத்தான் ஆரம்பித்தார். "ஏம்மா, ஸ்டேஷன் இல்லாம வண்டி எங்க நிக்கும்?"

முதலில் மாமியார் பிறந்து வளர்ந்த ஸ்டேஷனையே கட்டலாம் என்றேன். அவர் அப்பா கடைசியாக இருந்தது மாயவரம்–தரங்கம்பாடி கிளைப் பாதையில். 1926-ல் போட்ட அந்தப் பாதையை 1980-களில் மூடி, தண்டவாளத்தையும் பெயர்த்துவிட்டார்கள். அதைத் திரும்பக் கட்டினால் சந்தோஷப்படுவார் என்று நினைத்தேன். "வேணாம்" என்றார் உடனே. "அதைக் கட்டினா அந்தக் கிணறு எங்க, இந்தப் படி எங்கன்னு ஒவ்வொண்ணாத் தேடுவேன். இல்லாத ஊரா ஒண்ணைக் கட்டு. இல்லாத ஊருன்னா யாருக்கும் மாத்தல் வராது பாரு."

இந்தப் பொழுதுபோக்கில் அது ஒரு பெரிய ரகமாம். நாத்தனார் மகன் போனில் விவரமாகச் சொன்னான். ஹாம்பர்க் நகரில் 2001-ல் தொடங்கிய 'மினியாட்டூர் வுண்டர்லாண்ட்' என்ற பிரமாண்டமான குட்டி ரயில் காட்சியில், க்னுஃபிங்கன் என்று ஒரு முழு நகரமே கற்பனையாம். அவ்வளவு தூரம் போவானேன், நம் ஆர்.கே. நாராயண் 1935-ல் வந்த தன் முதல் நாவலுக்கு மால்குடியைப் படைத்தாரே! அந்த ஊரில் முதன்முதலாக அவர் மனக்கண்ணில் வந்து நின்றதே ஒரு சின்ன ரயில் நிலையம்தான் என்று சுயசரிதையில் எழுதியிருக்கிறார். படித்த ஞாபகம் இருந்ததால் எனக்குத் துணிச்சல் வந்தது.

பெயருக்கு மூன்று நாள் சர்ச்சை. கடைசியில் 'பூவரசந்திடல்' என்று முடிவாயிற்று. பூவரச இலையைச் சுருட்டிப் பீப்பீ ஊதிய ஞாபகம் அவருக்கு. ஸ்டேஷன் பெயர்ப் பலகையில் கடல் மட்டத்திலிருந்து எவ்வளவு உயரம் என்று போடுவார்கள் அல்லவா? "எவ்வளவு போடட்டும் அத்தை?" என்றேன். "வெள்ளம் வந்தா முழுகாத உயரம்னு போடு" என்றார். அப்படியே எழுதினேன். மஞ்சள் அட்டையில் கறுப்பு மையால், ஊசிமுனைப் பேனா கொண்டு. இன்றைக்கும் அப்படித்தான் இருக்கிறது.

கடைகள் மூடிக் கிடந்த காலம். வீட்டில் உள்ளதை வைத்துத்தான் ஊர் கட்டியாக வேண்டும். இந்த ரகத்தில் எல்லாம் நிஜத்தில் 87-ல் ஒரு பங்கு. ஐந்தரை அடி மனிதர் இரண்டு சென்டிமீட்டருக்கும் கொஞ்சம் குறைவாக இருக்க வேண்டும். தீக்குச்சியைப் பாதியாக உடைத்து, மருந்தைச் சுரண்டிவிட்டுப் பெயின்ட் அடித்தால் ஆள் தயார்! ஸ்டேஷன் கட்டடத்துக்குப் பழைய கல்யாணப் பத்திரிகைகள். ஒரு பரண் நிறைய வைத்திருந்தேனே, கெட்டி அட்டை, கத்தரித்தால் பிசிறு வராது. எத்தனையோ பேர் கல்யாணம் எங்கள் ஸ்டேஷன் சுவரில் இருக்கிறது! பார்சல் அட்டையை நனைத்து மேல் காகிதத்தை உரித்தால் உள்ளே வரி வரியாக இருக்கும். செங்காவி பூசினால் அசல் மங்களூர் ஓடு. காய்ந்த துளசிக் கிளைதான் மரம். மரத்தூளைப் பச்சைச் சாயத்தில் ஊறவைத்து உலர்த்திப் பெவிகாலில் ஒட்டினால் தழை. காபிச் சக்கையை நன்றாக, மொறமொறவென்று வெயிலில் காய வைத்தால் மண் தரை. ஈரம் இருந்தால் பூசணம் பூத்துவிடும், ஜாக்கிரதை. குளத்துக்குப் பெவிகாலை மெல்லிசாக ஊற்றிக் காயவிட்டு, மறுபடி ஊற்றி, ஐந்தாறு தடவை செய்ய வேண்டும். அவசரப்பட்டு ஒரே தடவையாகக் கனமாக ஊற்றிவிட்டு வெள்ளை வெளேரென்று ஒரு பால் குளத்தை நான் சுரண்டி எடுத்த கதை தனி.

தண்டவாளத்துக்கு நடுவே ஜல்லி வேண்டுமே என்று என் சமையலறை மூளைக்கு உதித்தது ரவை! வறுத்து, மையில் பிரட்டி, இரண்டு நாள் உட்கார்ந்து இழைத்து இழைத்து ஒட்டினேன். மூன்றாம் நாள் காலையில் பார்த்தால், பூவரசந்திடலுக்குக் கூட்ஸ் வண்டி மாதிரி ஒரு வரிசை. எறும்பு! மாமியார் அன்று சிரித்த சிரிப்பு இருக்கிறதே… நவம்பருக்கு அப்புறம் அந்த வீட்டில் கேட்ட முதல் சிரிப்பு. "பயணிங்க டிக்கெட் எடுத்தாங்களான்னு கேளு" என்றார். ரவையை எல்லாம் பெயர்த்துவிட்டு, கோலமாவுச் சல்லடையில் சலித்த மணலைப் போட்டோம். மணலை முதலில் பரப்பிவிட்டு, பெவிகாலில் பாதிக்குப் பாதி தண்ணீரும் பாத்திரம் தேய்க்கும் திரவம் ஒரு சொட்டும் கலந்து, மருந்து பில்லரால் சொட்டுச் சொட்டாக விட வேண்டும். சோப்பு இல்லையென்றால் தண்ணீர் மணலில் இறங்காமல் முத்து முத்தாக உருண்டுவிடும்.

பக்கத்து வீட்டு அம்மாள் ஜன்னல் வழியாகப் பார்த்துவிட்டு, "இந்த வயசுல இது என்னங்க விளையாட்டு?" என்றார். வயர் கூடை பின்னினால் யாரும் கேட்பதில்லை, கூடை உபயோகப்படும். நவராத்திரிக்குக் கொலுவுக்குப் பக்கத்தில் கேழ்வரகை முளைக்கவைத்து வயல் போட்டு, முகம் பார்க்கும் கண்ணாடியைக் குளமாக்கி, நாம் கட்டாத ஊரா? பத்து நாள் செய்தால் பக்தி, வருஷம் முழுக்கச் செய்தால் பைத்தியமா? எனக்கு விளங்கவில்லை. ஆனால் ஒன்று, இரண்டு வருஷம் கழித்துத் தெருவில் கொலு பார்க்க வந்த கூட்டம் முழுக்க எங்கள் வீட்டில்தான் நின்றது. அந்த அம்மாளும் வந்தார்.

அளவு விஷயத்தில் மாமியாருக்கு ஒரு குறை. "இது மீட்டர் கேஜும் இல்ல, பிராட் கேஜும் இல்ல. ரெண்டுங்கெட்டானா இருக்கே" என்று தண்டவாளத்தை விரலால் அளந்து சொல்லிவிட்டார். மருமான் அசந்துபோனான். இரண்டு தண்டவாளத்துக்கும் நடுவே 16.5 மில்லிமீட்டர். 87-ஆல் பெருக்கினால் 1,435 மில்லிமீட்டர் வரும். ஐரோப்பாவில் அதுதான் வழக்கம். நம் மீட்டர் கேஜ் 1,000, பிராட் கேஜ் 1,676. நம் பக்கம் இந்த 1,435 அளவு ஓடுவது சென்னை மெட்ரோதான். "போவட்டும், நம்ம ஊருதானே, நாம வச்சதுதான் கேஜு" என்று அவரே சமாதானமானார்.

அடுத்த குறை இன்னும் பெரியது. "கிளம்பின எடத்துக்கே திரும்பி வருதே! டிக்கெட் வாங்கினவன் ஏமாந்தான்." நியாயம்தானே? பழைய காலண்டர் அட்டைகளை ஒட்டித் தென்னந்தோப்பு வரைந்து, பாதையின் பின்பாதியை மறைத்து நிறுத்தினோம். வண்டி தோப்புக்குப் பின்னால் போய் மறைந்ததும் குமிழைத் திருப்பி நிறுத்திவிட வேண்டும். நூறு எண்ண வேண்டும். அப்புறம் எடுக்க வேண்டும். அந்த நூறில் அது வேறு ஊருக்குப் போய்விட்டு வருவதாகக் கணக்கு.

சகோதரிகளே, எனக்கு ஓய்வு என்று கிடைத்தது அந்த நூறுதான். வண்டி ஓடும்போது கண் வண்டி மேல். கட்டும்போது மனம் கத்தரிக்கோல் மேல். நூறு எண்ணும்போது சும்மா உட்கார வேண்டும். ஆனால் இருட்டில் சும்மா உட்கார்ந்திருப்பது போல இல்லை அது, ஏதோ ஒன்று வரப்போகிறது என்று தெரிந்து உட்கார்ந்திருப்பது. முதலில் நான் மட்டும் எண்ணினேன். பிறகு அவர் எண்ணினார். பிறகு எண்ணிக்கை பாதியில் நின்று பேச்சு வர ஆரம்பித்தது. வண்டி சில நாள் அரைமணி நேரம் லேட்.

அப்படி ஒரு நூறில்தான் சொன்னார். 1955-ல் அவருக்குப் பதினேழு வயதில் கல்யாணம். சாயங்கால வண்டியில் புருஷன் வீட்டுக்குப் புறப்பாடு. மாற்று ஆள் கிடைக்காமல் அவர் அப்பாவுக்கு அன்றும் டியூட்டி. "அம்மா, சித்தி, தங்கச்சி எல்லாம் ஜன்னல் கம்பியைப் புடிச்சுக்கிட்டு அழுவுறாங்க. அப்பா மட்டும் கிட்டவே வரலை. நேரத்தைப் பார்த்தார். பச்சைக் கொடியைத் தூக்கினார். நான் போன வண்டிக்கு எங்கப்பாதாம்மா கொடி காட்டினது. வண்டி வளையற வரைக்கும் தூக்குன கையை எறக்கலை."

முப்பத்தேழு வருஷத்தில் எனக்குச் சொல்லாத விஷயம். நான் அப்போது தீக்குச்சி ஸ்டேஷன் மாஸ்டருக்குக் கொடி ஒட்டிக்கொண்டிருந்தேன். "அதை எடுத்துடு" என்றார். "இந்த ஊரு மாஸ்டர் உக்காரட்டும்." வேப்ப மரத்தடி பெஞ்சில் உட்கார வைத்தோம். எங்கள் பூவரசந்திடலில் வண்டிகள் கொடி இல்லாமல்தான் கிளம்புகின்றன. ரயில்வே விதிப்படி தப்பு. இருக்கட்டும்.

சக்கரத்துப் பஞ்சு விஷயத்துக்கு வருகிறேன். வாரம் ஒரு முறை தண்டவாளத்தைத் துடைக்க வேண்டும். ஏனென்றால் அந்த இரண்டு தண்டவாளமும்தான் மின்கம்பி. டிரான்ஸ்பார்மர் வீட்டு மின்சாரத்தை 12 வோல்ட்டாகக் குறைத்து அனுப்ப, அது ஒரு தண்டவாளத்தில் வந்து, சக்கரம் வழியாக மோட்டாருக்குள் போய், மற்றதில் திரும்புகிறது. தூசி படிந்தால் வண்டி விக்கும். பிளக்கைப் பிடுங்கிவிட்டு, பஞ்சில் ஸ்பிரிட் தொட்டு நான் துடைத்துக்கொண்டிருந்தபோது, "முதல் நாள் பெட்டியைத் திறந்தப்பவே சக்கரத்துல பஞ்சு சுத்தியிருந்துச்சு அத்தை, புது வண்டியில எப்படி வந்துச்சோ" என்றேன், பேச்சு வாக்கில்.

மாமியார் கொஞ்ச நேரம் பேசவில்லை.

"புதுசு இல்லம்மா அது" என்றார். "வெள்ளிக்கிழமை வெள்ளிக்கிழமை நீ கோயிலுக்குப் போவேல்ல? நீ தெருமுனை திரும்புறதுக்குள்ள இறக்கிடுவான். என் மெத்தைப் பக்கத்துல தரையில போட்டு ஓட்டுவான். என்னையும் நாற்காலி போட்டு உக்கார வைப்பான். நீ வர்ற நேரத்துக்கு மடக்கி மேல ஏத்திடுவான். ஒண்ணரை வருஷம் ஓட்டினான்."

எனக்கு முதலில் வந்தது கோபம்தான், உள்ளதைச் சொல்கிறேன். ஒன்றரை வருஷம் தாயும் பிள்ளையுமாக என்னிடம் மறைத்திருக்கிறார்கள்! நான் என்ன பூதமா? ஸ்பிரிட் பாட்டிலைச் சற்று அழுத்தியே வைத்தேன். அடுப்படியில் போய் நின்றேன். நிற்க நிற்க வேறொன்று உறைத்தது. தொடாமலேயே போய்விட்டார், தொடவிடாமல் செய்துவிட்டேன் என்று நான் ராத்திரி ராத்திரியாக உட்கார்ந்திருந்தது எதற்காக? மனிதர் ஆசை தீர ஓட்டியிருக்கிறார்! அதுவும் பெண்டாட்டிக்குத் தெரியாமல், பத்து வயதுப் பையன் மாதிரி. சிரிப்பும் அழுகையுமாக என்னவோ வந்தது. திரும்பினால், மாமியார் பின்னாலேயே வந்து நிற்கிறார். "சொன்னா நீ வருத்தப்படுவேன்னு சொல்லலை. சொல்லாட்டியும் வருத்தம்தான் படுறேன்னு இப்பத்தான் தெரியுது" என்றார். அன்று இரண்டு பேரும் சேர்ந்துதான் சமைத்தோம்.

டாக்டர் மாத்திரையை நிறுத்திவிட்டாரா என்று கேட்பீர்கள். இல்லை. அதே மாத்திரை, அதே அளவு. ரயில் விட்டால் ரத்த அழுத்தம் ஓடிப்போகும் என்று நான் சொல்லமாட்டேன். ராத்திரி இரண்டு மணிக்கு விழிப்பு இப்போதும் வருகிறது, தினமும் இல்லை. வந்தால், ஸ்டேஷனுக்குப் பின்னால் ஒரு மாட்டுவண்டி நிறுத்தலாமா, டீக்கடை போடலாமா என்று யோசித்துக்கொண்டே கிடப்பேன். டீக்கடை தீர்மானமாகுமுன் தூங்கிவிடுவேன். அதனாலேயே பூவரசந்திடலில் இன்னும் டீக்கடை வரவில்லை.

மாமியாருக்கு எண்பத்தைந்து தாண்டிவிட்டது. பார்வை கொஞ்சம் மங்கல், காது கூர்மை. போன மாதம் வெள்ளிக்கிழமை கோயிலில் கூட்டம் இல்லை. சீக்கிரமே திரும்பிவிட்டேன். கேட்டைத் திறக்கும்போதே உள்ளே கிர்ர்ர் என்று சத்தம். வாசலிலேயே நின்றேன். சத்தம் நின்றது. உள்ளே மெல்லிய குரலில் எண்ணிக்கை கேட்டது. நாற்பத்தொன்று, நாற்பத்திரண்டு… நூறு வரைக்கும் நின்றுவிட்டு, வண்டி கிளம்பின பிறகு செருப்பைக் கொஞ்சம் சத்தமாகக் கழற்றினேன்.

அவசர அவசரமாகக் குமிழ் திரும்பும் ஓசை. உள்ளே போனால், மாமியார் ஒன்றும் அறியாதவர் போல நாற்காலியில்.

"கரண்டு விட்டு விட்டு வந்துச்சு. ஓடுதான்னு சும்மா பார்த்தேன்" என்றார்.